உர மூட்டையில் ஒரு சொல்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களில் உர மூட்டை காலியானதும் பையை யாரும் வீசிவிடுவதில்லை. வாய் தைத்த நூலை ஒரே இழுப்பில் உருவி, பையை ஓடையில் அலசிக் கொடியில் போடுவார்கள். காய்ந்த பிறகு அது மழைக்கு இடுப்பில் கட்டும் படங்காகும், விறகு சுமக்கும் சாக்காகும், காம்பராக் கூரையில் தகரம் விட்ட இடத்துக்கு அடைப்பாகும். என் பெரியம்மா கொழுந்துக்குப் போகும்போது கட்டியிருந்த படங்கில் 46 என்ற எண் மங்கலாகத் தெரியும். சிறுவயதில் அது அவருடைய பதிவு எண் என்று நினைத்திருந்தேன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது என்று பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. அன்றிலிருந்து அந்த மூட்டைகள் மலைக்கு வருவது படிப்படியாகக் குறைந்து நின்றுபோனது. செய்தி அறிக்கைகளில் நான்கு சொற்கள் மாறி மாறி ஒலித்தன: செயற்கை, இயற்கை, இரசாயனம், சேதனம். இவற்றைச் சொன்னவர்களில் பலர், செயற்கையும் இரசாயனமும் ஒன்று, இயற்கையும் சேதனமும் ஒன்று, முதல் இரண்டும் கெட்டவை, பின் இரண்டும் நல்லவை என்றே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் சோற்றையும் ஒரு நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பயிரையும் அந்தச் சொற்களின் மேல் ஏற்றி வைத்தார்கள். அவை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘சிந்தெடிக்’ என்று வழங்குவதன் வேர் கிரேக்கத்தில் உள்ளது. ‘சின்’ என்றால் உடன், சேர்த்து. ‘திதெனாய்’ என்றால் வைத்தல். சேர்த்து வைத்தல், அவ்வளவுதான். போலி என்றோ நஞ்சு என்றோ அதில் ஒரு சாயலும் இல்லை. பழைய ரோமில் விருந்துக்கு உடுத்திச் செல்லும் தனி உடைக்கே ‘சிந்தெசிஸ்’ என்று பெயர் இருந்தது. பொலியெஸ்டர் சேலையைச் ‘சிந்தெடிக் சேலை’ என்று நம் கடைக்காரர் சொல்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் துணியில் ஏறியிருந்திருக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இந்தக் கிரேக்கப் பொருளை நேராகவே பிடித்துக்கொண்டன. தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை என்பதை நாங்கள் ஒளித்தொகுப்பு என்று படித்தோம். தேயிலை இலை வெயிலில் நின்று, காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வெல்லத்தைச் சேர்த்து வைக்கிறது. அதுவும் தொகுப்புத்தான். ஆகவே சிந்தெடிக் என்பதன் வேர்ப்பொருளை எடுத்துக்கொண்டால், இந்தப் பள்ளத்தாக்கில் அந்தத் தொழிலை நாள் தவறாமல் செய்வது தேயிலைச் செடி. இலைக்குத் தொகுப்பு என்று வைத்த நாம், அதே வேரில் பிறந்த இன்னொரு சொல்லை உர மூட்டைக்குக் கொண்டுவந்தபோது தொகுப்பை விட்டுச் செயற்கையை எடுத்துக்கொண்டோம். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

செயற்கை பழைய சொல். குறளில் அமைச்சு அதிகாரத்தின் 637ஆம் குறள் செயற்கையையும் இயற்கையையும் அடுத்தடுத்து வைக்கிறது. அங்கே செயற்கை என்றால் நூல்வழி அறிந்த செயல்முறை. இயற்கை என்றால் உலகம் நடக்கும் நடை. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்ற எண்ணமே அங்கே இல்லை.

தொல்காப்பியம் இன்னும் ஆழமாகப் போகிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இயற்கைப் பொருளை எப்படிச் சொல்வது, செயற்கைப் பொருளை எப்படிச் சொல்வது என்று தனித்தனி விதிகள் உண்டு. நிலம் கடினம், நீர் குளிர்ச்சி, தீ சூடு என்று இயற்கையை உள்ளபடி சொன்னால் போதும். செயற்கைப் பொருளுக்கு அது போதாது. ‘ஆயிற்று’ என்ற ஆக்கச் சொல்லைச் சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். அந்த ஆக்கத்துக்கு முன்னால் காரணம் வர வேண்டும் என்றும் தொல்காப்பியர் விதிக்கிறார். செய்யப்பட்ட ஒன்றைப் பேசும்போது எதனால் அது அப்படி ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பேசு என்பது அந்த இலக்கணம்.

இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டைப் பார்த்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். எருப் போட்டு, களை பிடுங்கி, தண்ணீர் பாய வழி செய்ததால் பயிர் நல்லதாயிற்று என்பதே அது. செயற்கை என்ற இலக்கண வகைக்குத் தமிழ் உரை மரபு தேர்ந்தெடுத்த உதாரணங்களில் ஒன்று உரமிட்ட பயிர். சாணத்தாலும் தழையாலும் ஊட்டி வளர்த்த பயிரை அவர்கள் செயற்கை என்றார்கள். இன்று அதே பயிரை நாம் இயற்கை விவசாயம் என்கிறோம்.

வழக்கில் காரணம் சொல்லாமலும் ஆக்கம் வரலாம், அதில் குற்றமில்லை என்று தொல்காப்பியரே அடுத்து ஒரு விலக்குத் தருகிறார். பேச்சில் அது சரிதான். அரசாணையில் காரணத்தை விட்டால் நாடு பட்டினி கிடக்க நேர்கிறது.

இனி மூட்டைக்குள் இருப்பதைப் பார்ப்போம். தேயிலைக்குப் போடும் கலவை உரத்தில் பொதுவாக மூன்று பொருள்கள் உண்டு. நைதரசனுக்கு யூரியா அல்லது அமோனியம் சல்பேற்று. பொஸ்பரசுக்கு அனுராதபுரம் மாவட்டத்து எப்பாவலையில் வெட்டியெடுத்து அரைத்த பாறைப் பொஸ்பேற்று. பொற்றாசியத்துக்கு மியூரியேற்று ஒஃப் பொட்டாஷ் என்ற, நிலத்தடியிலிருந்து தோண்டும் உப்பு. கவ்வாத்துக்குப் பிறகு தூவும் டொலமைட்டும் அரைத்த கல்தான். பாறையும் உப்பும் கல்லும் மண்ணிலிருந்து வந்தவை. கண்டிப்பாகச் சொன்னால் இந்தக் கூட்டத்தில் தொகுத்து உண்டாக்கிய பொருள் நைதரசன் உரம் ஒன்றே. ஆனால் தடை விதித்தவர்கள் மூட்டை முழுவதற்கும் ஒரே பெயரைச் சூட்டினார்கள்.

அந்த யூரியாவுக்குத் தனி வரலாறு உண்டு. உயிர் உள்ளவற்றின் பொருள்களை உயிர்தான் ஆக்க முடியும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வலுவாக இருந்தது. 1828இல் பிரெட்ரிக் வோலர் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர், அமோனியம் சயனேற்றிலிருந்து யூரியா உண்டாவதைக் கண்டார். மனிதனின் சிறுநீரகமோ நாயின் சிறுநீரகமோ இல்லாமலே யூரியா செய்துவிட்டேன் என்று தம் ஆசான் பெர்சேலியசுக்கு எழுதினார். அந்த ஒரே சோதனையில் பழைய எண்ணம் இடிந்து விழுந்தது என்று பாடநூல்கள் சொல்வது மிகை. அது தேய்ந்து மறையப் பல பத்தாண்டுகள் ஆயின. ஹெர்மன் கோல்பே 1845இல் அசற்றிக் அமிலத்தை அதன் மூலகங்களிலிருந்து கட்டி எழுப்பியபோது ‘சிந்தெசிஸ்’ என்ற சொல்லை அந்த வேலைக்கு வைத்தார். இரசாயனத்தில் சொல் கால் ஊன்றியது அப்போதுதான். ஆனாலும் சுவரில் முதல் விரிசல் யூரியாவால் விழுந்தது. உயிரிக்கும் உயிரில்லாததற்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது என்று காட்டிய அதே பொருளைக் கொண்டு, ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, நாம் இங்கே அந்தக் கோட்டை மறுபடி கிழித்திருக்கிறோம்.

இலங்கைத் தமிழில் இந்தக் கோடு இன்னும் சிக்கலாக விழுகிறது. உயர்தர வகுப்பில் யூரியா சேதனச் சேர்வை என்று படிப்போம். காபன் உள்ள சேர்வை, ஆகவே சேதன இரசாயனத்தில் அடங்கும். விவசாயப் பாடத்தில் அதே யூரியா சேதனப் பசளை ஆகாது, அது அசேதனப் பசளையில் சேரும். அடுத்தடுத்த பாடவேளைகளில் ஒரு வெள்ளைக் குருணை சாதி மாறிவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டினால் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். 2021இல் அது சிரிக்கும் விஷயமாக இருக்கவில்லை.

காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கும் வழியை பிரிட்ஸ் ஹாபர் 1909இல் செய்து காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு அந்தத் தொகுப்பிலிருந்து வரும் நைதரசனை நம்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

நம் மலைக்கு வேண்டிய கணக்கை நாமே போடலாம். தேயிலைத் தூளின் எடையில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் நைதரசன் இருக்கிறது. 1,000 கிலோ தூள் ஏலத்துக்குப் போனால், ஏறத்தாழ 40 கிலோ நைதரசனும் மலையைவிட்டுப் போகிறது. கரைந்தும் ஆவியாகியும் வீணாவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதை ஈடுகட்ட யூரியா 87 கிலோ போதும், 50 கிலோ மூட்டை இரண்டு கூட முழுதாக வேண்டியதில்லை. நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவைக் கொண்டுவர 2,000 முதல் 4,000 கிலோ வேண்டும். சமவெளி வயலில் ட்ரக்டரில் ஏற்றிக் கொட்டலாம். பொகவந்தலாவை மலைகளில் நிற்கவே ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக இருக்கும். ஒவ்வொரு கிலோவும் யாராவது ஒருவர் தலையிலோ முதுகிலோ ஏறித்தான் மேலே போக வேண்டும். அவ்வளவு எருவுக்கான சாணமும் தழையும் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.

எருவுக்குத் தனிப் பெருமை உண்டு, அதை மறுக்கவில்லை. மண்ணுக்குப் பஞ்சுத்தன்மை தருவதும் மழைநீரைப் பிடித்துவைப்பதும் எருதான், யூரியாவால் அது ஆகாது. நைதரசன் உரம் தொடர்ந்து போட்டால் மண் புளிக்கும், டொலமைட் தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஊவாவில் இதல்கஸ்ஹின்ன போன்ற தோட்டங்கள் பல பத்தாண்டுகளாகச் சேதனத் தேயிலை செய்துவருகின்றன. அது ஆண்டுக்கணக்காக மண்ணைப் பழக்கி, குறைந்த விளைச்சலுக்குக் கூடிய விலை தேடிக்கொண்டு செய்த வேலை. ஒரே பருவத்தில் ஆணையிட்டு ஆக்க முடியாதது.

தடையின் நடுவில் நடந்தவை சொற்களை மேலும் கலைத்தன. சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தடுப்புக்காப்புப் பிரிவு கண்டு, சரக்கை இறக்க விடவில்லை. பிணக்கு வளர்ந்து, கடைசியில் இலங்கை 67 இலட்சம் டொலர் கொடுத்தது. இயற்கை என்று பெயர் பெற்ற சரக்கு கடலில் காத்துக் கிடந்தது. 2021 ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவப் பசளை வந்து இறங்கியது. அதன் அடிப்படைப் பொருள் யூரியா. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் உரத்தின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது, நாட்டில் டொலர் தீர்ந்துகொண்டிருந்தது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. அந்த ஆண்டின் எரிபொருள், மின்சார நெருக்கடிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பசியெடுத்த செடியை மலையில் கண்ணால் பார்த்தவர்களுக்கு முதல் காரணம் எது என்று தெரியும்.

1950களிலிருந்து தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வீ.பி. தேயிலை, அதாவது தெரிந்தெடுத்த தாய்ச்செடியிலிருந்து துண்டு வெட்டி வளர்த்த தேயிலை, கூடிய நைதரசனுக்குக் கூடிய விளைச்சல் தரும் என்று பார்த்துத் தேர்ந்தது. ஒரு மலை முழுவதும் ஒரே செடியின் நகல்கள் நிற்கும். இந்தச் செடியும் உரமும் ஒன்றுக்கொன்று துணையாக நினைத்துச் செய்யப்பட்டவை. உரத்தைச் செயற்கை என்று நிறுத்திவிட்டு, அந்த உரத்துக்காகவே ஆக்கிய செடியை இயற்கை என்று விட்டுவைத்தால் செடிதான் தண்டனை அனுபவிக்கும். அடுத்தது பறிப்பவர். 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை மூலம் நாட்கூலி 1,000 ரூபா ஆகியிருந்தது. அந்த ஆயிரத்தை முழுதாகக் காண இத்தனை கிலோ என்ற நிபந்தனை பல இடங்களில் இறுகியது. மலையில் கொழுந்தே இல்லாதபோது கிலோ எங்கிருந்து வரும்? விழுந்தது அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி.

இம்மானுவேல் கான்ட் 1781இல் எழுதிய நூலில் ‘சிந்தெடிக்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் தந்தார். கொழுந்து என்றால் இளந்தளிர் என்று நான் சொன்னால், அது சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும் உண்மை. இன்றைக்கு நாலாம் நம்பர் மலையில் கொழுந்து குறைவு என்றால், கொழுந்து என்ற சொல்லை எத்தனை முறை புரட்டினாலும் அது வராது. தராசடிக்குப் போய் நிறுத்துப் பார்க்க வேண்டும். எழுவாயில் இல்லாத புதிய ஒன்றைச் சேர்த்து வைக்கும் இவ்வகைத் தீர்ப்பைத்தான் கான்ட் சிந்தெடிக் என்றார். செயற்கை உரம் தீங்கானது என்பதும் அப்படி நிறுத்துப் பார்க்க வேண்டிய கூற்று. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த மண்ணில், யார் கையால்? 2015இல் களைகொல்லியான கிளைபொசேற்றைத் தடைசெய்து 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். கையுறை இல்லாமல் மருந்தடித்த ஆண்களும் அந்த மலையில் வெறுங்காலோடு நடந்த பெண்களும் பட்டது உண்மையான துன்பம். அதற்கும் அளவோடும் சான்றோடும் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லை வைத்து மட்டும் தீர்ப்புச் சொன்னதால் அந்தத் துன்பமும் கணக்கில் ஏறவில்லை.

மொழியியலில் சிந்தெடிக் என்பது வெறும் வகைப் பெயர். 1818இல் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகல், உறுப்புகளை ஒரே சொல்லுக்குள் சேர்த்து வைக்கும் மொழிகளுக்கு இதைச் சூட்டினார். ‘வந்திருக்கமாட்டாங்களாம்’ என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒருவர் சொல்லும் ஒற்றைச் சொல்லில் வருகை, காலம், மறுப்பு, ஆட்கள், கேள்விப்பட்ட செய்தி எல்லாம் அடங்கியிருக்கின்றன. இந்தப் பொருளில் தமிழ் சிந்தெடிக் மொழி. அதைச் செயற்கை மொழி என்று பெயர்த்தால் எஸ்பெராந்தோ ஆகிவிடும். தொகுநிலை என்று வேறு சொல்லைத்தான் தேட வேண்டும்.

செயற்கைக்கும் போலிக்கும் இடையே மிகத் துல்லியமாகக் கோடு போட்ட துறை மாணிக்க வியாபாரம். பொகவந்தலாவையில் தேயிலைக்கு அடியில் மணிக்கற்கள் இருக்கின்றன. கெஹெல்கமு ஓயாவின் கரையில் இரவில் திருட்டுத்தனமாகக் குழி தோண்டிப் பிடிபடுபவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வரும். 1902இல் ஒகுஸ்ட் வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர், அலுமினியம் ஒட்சைட்டுத் தூளை ஒட்சிசன்–ஐதரசன் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்து மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் நீலமும் வந்தது. அந்தக் கல்லின் இரசாயன அமைப்பும் பளிங்கு அமைப்பும் கடினமும் நிலத்தில் எடுத்த கல்லினுடையவையே. ஆகவே அது செயற்கைக் கல். நீல நிறக் கண்ணாடியை வெட்டி விற்றால் அது போலிக் கல். வியாபாரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சொல்வது மோசடி.

பார்க்கத் தெரிந்தவர் கல்லை இடுக்கியில் பிடித்து, லென்ஸை இமைக்கு ஒட்டினாற்போல வைத்து, வெளிச்சத்தில் மெல்லத் திருப்புவார். நிலத்தில் வளர்ந்த நீலத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடி, கோணத்தில் திரும்பும். உள்ளே பட்டிழை போல ரூற்றைல் ஊசிகள் மின்னலாம். சுடரில் வளர்ந்ததில் கோடுகள் வளைந்திருக்கும், பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல. கல்லின் பொருளால் அவர் தீர்ப்புச் சொல்வதில்லை, பொருள் இரண்டிலும் ஒன்றே. அது எப்படி ஆயிற்று என்பதன் தடத்தைத்தான் தேடுகிறார். இலங்கையிலிருந்து மலிவு விலைக்குப் போன பால்நிறக் கெவுடாக் கல்லைத் தாய்லாந்தில் 1970களில் சூளையில் வைத்து நீலமாக்கியபோது, அதற்கு இயற்கையும் பொருந்தவில்லை, செயற்கையும் பொருந்தவில்லை. ‘சூடேற்றியது’ என்று காரணத்தையே பெயராக வைத்தார்கள். தொல்காப்பிய விதியை இவ்வளவு கறாராகப் பின்பற்றும் வேறு தொழில் எனக்குத் தெரியவில்லை.

செய்யப்பட்ட பொருளின் இன்னொரு தடமும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கமரோன் உறங்குகிறார். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். பருத்தியை அமிலத்தில் ஊறவைத்துச் செய்த நைற்றோசெலுலோசை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்தால் வரும் கொலோடியனைக் கண்ணாடித் தகட்டில் பூசி, ஈரம் காயுமுன் படம் எடுப்பது அவர் முறை. அதே நைற்றோசெலுலோசிலிருந்துதான் 1870ஐ ஒட்டி செலுலோயிட் பிறந்தது, பிளாஸ்டிக் வரிசையின் முன்னோடிகளுள் ஒன்று. இலங்கையில் தோட்டத்து மக்களை அவர் எடுத்த படங்களை இன்று பார்க்கும்போது, அந்த மெல்லிய பூச்சின் மேல் நம் முன்னோரின் முகம் தங்கியிருப்பதை நினைத்துக்கொள்வேன். செய்யப்பட்ட பொருள் ஒன்று இல்லையென்றால் அந்த முகங்களுக்கு வேறு சாட்சி இல்லை.

செயற்கைக் கோள், செயற்கைக் கால், செயற்கை நுண்ணறிவு என்று இந்தச் சொல்லின் மேல் இன்னும் ஏற்றிக்கொண்டே போகிறோம். கணினியே உண்டாக்கி, கணினிக்கே கற்பிக்கும் செயற்கைத் தரவு இப்போது வந்திருக்கிறது. அது செயற்கைக் கல்லைப் போன்றதா, கண்ணாடிக் கல்லைப் போன்றதா என்பதைப் பெயர் சொல்லாது. எதிலிருந்து, எப்படி ஆயிற்று என்று லென்ஸை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உரம் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் வேலையிலிருந்து நின்று பல வருஷமாகிறது. ஆனாலும் லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மலை இப்போது எப்படி என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“கவ்வாத்து வெட்டி, புல்லு வெட்டி, ரெண்டு தரம் உரம் போட்டாங்க தம்பி. அதுலதான் மலை நல்லாயிருச்சு.”